"புனிறு" என்ற சொல்லுக்குத் தீட்டு என்பதுதான் பொருளா?

பாம்பன் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். முதுகலைப் பட்டதாரி ஆசிரியர் தேர்வுக்காகச் சங்க இலக்கியத்தைப் பாடல் பாடலாகப் படித்து வருகிறேன். சென்ற வாரம் நற்றிணையின் 40-ஆம் பாடலுக்கு வந்தேன். அதில் உள்ள ஒரு சொல்லைத் தாண்டி மேலே போக இன்றுவரை மனம் வரவில்லை.

பாடலின் காட்சி இதுதான். ஒரு வீட்டில் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. காவல் மிகுந்த அந்த மனையில் மணி ஒலிக்கிறது, மணல் பரப்பிய பந்தலில் பாணர்கள் காவலிருக்கிறார்கள், ஒரு பக்கம் பெண்கள் நற்சொல் கேட்டு நிற்கிறார்கள். உள்ளே, மணம் கமழும் மெல்லிய துணி விரித்த படுக்கையில் செவிலியோடு குழந்தை உறங்குகிறது. வெண்சிறுகடுகு அப்பி, நெய் பூசிக் குளித்த ஈரத்தோடு தாயும் கண்ணயர்ந்திருக்கிறாள். அந்த நள்ளிரவில், பிரிந்து போயிருந்த கணவன் கள்வனைப் போல வீட்டுக்குள் வருகிறான். இதில் செவிலியைக் குறிக்கும் தொடர் "புனிறு நாறு செவிலி" என்று அமைந்திருக்கிறது. நான் வைத்திருக்கும் வழிகாட்டி நூல் இதற்குத் "தீட்டு நாற்றம் வீசும் செவிலி" என்று பொருள் எழுதியிருக்கிறது.

படித்ததும் மனம் கசந்துவிட்டது. இவ்வளவு அன்போடு ஒவ்வொரு பொருளையும் பார்த்துப் பார்த்துச் சொன்ன புலவர், அந்த இடத்தில் மட்டும் இப்படி ஒரு சொல்லைப் போட்டிருப்பாரா என்று தோன்றியது. எனக்கு இந்தக் கேள்வி வெறும் தேர்வுக் கேள்வியாக இல்லாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் தங்கை பிள்ளை பெற்று இன்றோடு பதினொரு நாள் ஆகிறது. அவள் வாசற்படியில் வந்து நின்றால், "பச்சை உடம்புக்காரி, வாடைக்காற்றில் நிற்காதே" என்று அம்மா உள்ளே அழைத்துப் போகிறார். நேற்றுக் குழந்தையைப் பார்க்க வந்த உறவுக்காரப் பெண்மணி ஒருவரோ, தீட்டு வீட்டில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சொல்லி, கொடுத்த செம்பைக் கையால் கூடத் தொடாமல் எழுந்து போனார். தங்கை அதைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

ஆகவே கேட்கிறேன். புனிறு என்பதன் உண்மையான பொருள் என்ன? அது எங்கிருந்து வந்தது? புனிதம் என்ற சொல்லோடு அதற்கு உறவு உண்டா? நம் கடற்கரைப் பக்கத்துப் பேச்சில் அந்தச் சொல் எங்கேனும் எஞ்சியிருக்கிறதா?


திருப்புல்லாணி ஓய்வாசிரியர்:

அம்மா, உங்கள் மனம் கசந்தது நியாயமே. வழிகாட்டி நூல் பிற்காலப் பொருள் ஒன்றை எடுத்து முற்காலப் பாட்டின் மேல் ஒட்டியிருக்கிறது.

இந்தச் சொல்லுக்கு நம்மிடம் உள்ள மிகப் பழைய பொருள் விளக்கம் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. சொல்லதிகாரத்து உரியியலில் "புனிறென் கிளவி ஈன்றணிமைப் பொருட்டே" என்று ஒரு நூற்பா வருகிறது. ஈன்ற அணிமை, அதாவது பிள்ளை பெற்று அதிக நாள் ஆகாத நிலை, அவ்வளவுதான். அணிமை என்றால் அருகில் இருப்பது. பிறப்பு என்ற நிகழ்ச்சிக்குக் காலத்தால் மிக அருகில் இருப்பது என்று அந்த ஒரு சொல்லுக்குப் பொருள் விரிகிறது. தூய்மை, தூய்மையின்மை என்ற பேச்சே அந்த நூற்பாவில் இல்லை. அது ஒரு காலத்தைக் குறிக்கும் சொல்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உரியியலின் தொடக்கத்திலேயே தொல்காப்பியர், எல்லாருக்கும் தெரிந்த சொற்களுக்கு நான் விளக்கம் சொல்லப் போவதில்லை, வெளிப்படையாக விளங்காத சொற்களுக்கு மட்டுமே சொல்லப் போகிறேன் என்கிறார்: "வெளிப்படு சொல்லே கிளத்தல் வேண்டா, வெளிப்பட வாரா உரிச்சொல் மேன." அப்படியானால் புனிறு என்ற சொல், இலக்கணம் எழுதிய அந்தக் காலத்திலேயே விளக்கம் தேவைப்பட்ட அருஞ்சொல்லாக இருந்திருக்கிறது. நாற்பது ஆண்டு வகுப்பறையில் நின்றவன் நான். மாணவர்களிடம் இந்த இடத்தைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு உடல் சிலிர்க்கும். நாம் இன்று கேட்கிற அதே கேள்வியை அன்றைக்கும் ஒரு மாணவன் கேட்டிருக்கிறான்.

அடுத்து இந்தச் சொல்லின் ஆட்சிகளை, அதாவது நூல்களில் அது வந்துள்ள இடங்களைப் பார்ப்போம். அதே தொல்காப்பியத்தின் கற்பியலில், "புதல்வற் பயந்த புனிறுதீர் பொழுதின்" என்று வருகிறது. மகனைப் பெற்றவளின் புனிறு தீர்ந்த வேளை என்பது பொருள். அதையடுத்து நெய்யணிந்து நீராடும் சடங்கு பேசப்படுகிறது. அகநானூற்றின் 56-ஆம் பாட்டில், தலைவனுக்காகத் தூது வந்த பாணன் மேல் தெருவில் "புனிற்றா" பாய்கிறது. அவன் கலங்கிப்போய்க் கையில் இருந்த யாழைப் போட்டுவிட்டு எங்கள் வீட்டுக்குள் புகுந்தான் என்று தலைவி சிரிக்கிறாள். புனிற்றா என்பது புதிதாகக் கன்று ஈன்ற பசு. சிறுபாணாற்றுப்படையில் வறுமைப்பட்ட பாணனின் அடுக்களையில் "புனிற்றுநாய்" ஒன்று கிடக்கிறது. கண் திறவாத குட்டிகள் பாலில்லாத முலையைப் பற்றி இழுக்கின்றன. வலி பொறுக்காமல் தாய்நாய் குரைக்கிறது. இந்த இரண்டு இடத்திலும் தீட்டு என்று வைத்துப் படித்துப் பாருங்கள், பாட்டே சிதைந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த ஆட்சி புறநானூற்றின் 68-ஆம் பாட்டில் கோவூர்கிழார் எழுதியது. "புனிறுதீர் குழவிக்கு இலிற்றுமுலை போலச் சுரந்த காவிரி" என்கிறார் அவர். பிறந்த புதிதின் பருவம் கடந்த குழந்தைக்குத் தாயின் மார்பில் பால் சுரப்பது போலக் காவிரி சுரந்து ஊரைக் காக்கிறது. இந்த அடியில் புனிறு தாயை விட்டுக் குழந்தையின் மேல் வந்து அமர்ந்திருப்பதைப் பாருங்கள். ஆகவே பெற்றவள், பிறந்தது ஆகிய இருவருக்கும் பொதுவான ஒரு பருவப்பெயர் அது என்று கொள்வதே பொருத்தம்.

புனிதம் என்ற சொல்லோடு இதற்கு உறவில்லை. புனிதம் வடசொல், தூய்மைப்படுத்துதல் என்ற பொருள் கொண்ட வினையடியிலிருந்து பிறந்த புனீத என்பதன் தமிழ் வடிவம். புனிறு அப்படியில்லை. வயிறு, கயிறு, கிணறு ஆகியவற்றைப் போல இறுதியில் றுகரம் பெற்ற தமிழ்ச்சொல் அது. வயிறு என்பது வயிற்று என்றும், கிணறு என்பது கிணற்று என்றும் மாறுவதைப் போலவே புனிறு என்பது புனிற்று என்று மாறிப் பிற சொற்களோடு சேர்கிறது. ஒலி ஒற்றுமையை வைத்து உறவு கட்டுவது எளிது. "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்று அதே உரியியல் நமக்கு எச்சரிக்கை செய்திருக்கிறது. சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே உள்ள காரணம் பார்த்தவுடன் தென்படாது என்பது அதன் கருத்து.

அகராதிகளில் தீட்டு என்ற பொருளும் இருப்பது உண்மை. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியின் பணியில் நம் இராமநாதபுரத்தைச் சேர்ந்த மு. இராகவையங்கார் முக்கியப் பங்கு வகித்தார் என்பதை நம் மாவட்டத்துப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். ஒரு சொல் காலந்தோறும் ஏற்ற எல்லாப் பொருளையும் அடுக்கித் தருவது அகராதியின் கடமை. அவற்றில் எது எந்தப் பாட்டுக்குப் பொருந்தும் என்று தேர்ந்தெடுப்பது படிப்பவரின் கடமை. வழிகாட்டி நூல் எழுதியவர் அந்த இரண்டாவது கடமையைச் செய்யவில்லை.


உச்சிப்புளி கால்நடைக்காரன்:

ஐயா எழுதியதில் அந்தப் புனிற்றாவைப் பற்றி மட்டும் ஒரு சொல் சேர்க்கிறேன். நான் இலக்கியம் படித்தவன் இல்லை. மாடும் ஆடும் வளர்ப்பவன். கன்று போட்ட பசு முதல் சில நாளைக்கு யாரையும் அண்டவிடாது. ஆண்டுக்கணக்கில் கையால் தீவனம் வாங்கித் தின்ற மாடு கூட, கன்றுக்கும் நமக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு தலையைத் தாழ்த்தும். கன்று எழுந்து நடந்து, நாலைந்து நாள் கழிந்து, தாய் தானாக மேயப் போன பிறகுதான் அந்தக் கோபம் தணியும். பாணன் யாழைப் போட்டுவிட்டு ஓடியதில் வியப்பில்லை. எழுதியவர் மாட்டை அருகில் நின்று பார்த்தவர்.

எங்கள் பேச்சில் ஈத்து என்ற சொல் இன்றும் புழங்குகிறது. தலை ஈத்து, இரண்டாம் ஈத்து என்று சொல்லித்தான் மாட்டை விலை பேசுவோம். புத்தகத்தில் ஈற்று என்று எழுதுகிறார்கள் என்று என் மகள் சொல்லித்தான் தெரியும். கன்று விழுந்த பிறகு வெளிவரும் இளங்கொடியை நாய் தின்னாதபடி சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. பால் வடியும் மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் பெருகும் என்பது நம்பிக்கை. முதல் இரண்டு மூன்று நாள் வரும் சீம்பாலைக் கன்று குடித்தது போக மீந்ததைக் கருப்பட்டி போட்டுக் காய்ச்சி, அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுப்போம். ஒருவரும் அதைத் தீட்டு என்று தள்ளி வைத்ததில்லை. கிண்ணத்தை நீட்டிக் கேட்டு வாங்குவார்கள். மாட்டுக்கு இல்லாத தீட்டு மனுசிக்கு மட்டும் எப்படி வந்தது என்று இந்தக் கேள்வியைப் படித்த பிறகு நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.


தீவுச் செவிலி:

பாம்பன் மகளுக்கு வாழ்த்துகள். உன் தங்கைக்கும் பிள்ளைக்கும் என் அன்பு. நான் இராமேசுவரம் தீவில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். பணியில் சேர்ந்த காலத்தில் 1988-இல் திறக்கப்பட்ட சாலைப்பாலம் இன்னும் கட்டி முடியவில்லை; சிக்கலான பேறு என்றால் தொடர்வண்டியின் நேரம் பார்த்துத்தான் தாயை மண்டபத்துக்கு அழைத்துப் போக வேண்டும். ஆகவே வீட்டுப் பிரசவங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நீ எழுதிய "புனிறு நாறு செவிலி" என்ற தொடரைப் படித்தவுடன் அது என்னையே குறிப்பது போல இருந்தது. பிறந்த குழந்தையின் மேல் வெண்ணிற மாவைக் குழைத்துப் பூசியது போல ஒரு படிவு இருக்கும். அதோடு பனிக்குடத்து நீரின் வாடையும், முதல் பாலின் இனிப்பு வாடையும் கலந்து ஒரு தனி மணம் உண்டு. குழந்தையைத் துடைத்துத் துணியில் சுற்றித் தோளில் போட்டால் அந்த மணம் நம் சேலையில் ஏறிக்கொள்ளும். சோப்புப் போட்டுத் துவைத்த பிறகும் அன்று முழுவதும் அது நம்மோடு இருக்கும். பணி முடிந்து வீட்டுக்குப் போனால் என் மகன் என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "இன்றைக்குப் பாப்பா பிறந்ததா?" என்று கேட்பான். சொல்லாமலே அவனுக்குத் தெரியும். அந்தப் பாட்டில் குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உறங்குகிற செவிலியின் மேல் வீசுவது அந்த மணம்தான் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

மருத்துவத்தின் பக்கமிருந்து இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தையைக் குறைந்தது 24 மணி நேரம் குளிப்பாட்ட வேண்டாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த வெள்ளைப் பூச்சு தோலைக் காக்கிறது; அவசரப்பட்டுக் குளிப்பாட்டினால் உடம்புச் சூடு இறங்கிக் குழந்தை சில்லிட்டுப் போகும். அழுக்கு என்று எண்ணித் தேய்த்துக் கழுவிய வீடுகளில், பிள்ளையின் கைகால் நீலம் பாய்ந்து கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும் என்பதும், சேனை தொட்டு வைப்பதாகச் சொல்லிச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ வைக்கக் கூடாது என்பதும் நான் வீடு வீடாகச் சொல்லித் தொண்டை வற்றிய செய்திகள்.

தாய்க்கு, கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும். உதிரப்போக்கும் சில வாரங்களுக்கு மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வரும். அந்த 42 நாளைத்தான் நாங்கள் பேறுகாலத்துக்குப் பிந்திய கவனிப்புக் காலமாகக் கணக்கிட்டு வீட்டுக்குச் சென்று பார்த்தோம். தொல்காப்பியர் சொன்ன ஈன்றணிமையும் இந்தக் காலமும் ஒன்றையொன்று தழுவியே நிற்பதாக எனக்குத் தோன்றுகிறது. அந்த நாள்களில் கிருமித் தொற்று எளிதில் ஏறும். ஆகவே கூட்டம் சேராமல் தாயைத் தனியாக வைத்தது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்குத் தீட்டு என்று பெயர் சூட்டிய வீடுகளில் நான் கண்டது வேறு. காற்றில்லாத பின்கட்டில் பழந்துணியைக் கொடுத்துப் படுக்க வைத்து, வயிறு பெருத்துவிடும் என்று சொல்லித் தண்ணீரையும் அளந்து ஊற்றினார்கள். பாதுகாக்க வேண்டியவளை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். காய்ச்சலோடு நாவறண்டு கிடந்த ஒரு பெண்ணுக்கு நான் என் கையால் செம்புத் தண்ணீர் கொடுத்தபோது அவள் அதை ஒரே மூச்சில் குடித்த ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது. மகளே, உன் தங்கைக்கு வேண்டிய மட்டும் தண்ணீர் கொடுங்கள். பால் கொடுப்பவளுக்குத் தாகம் அதிகம்.


கீழக்கரைப் பேத்தி:

சகோதரி, நம் கடற்கரையில் அந்தச் சொல் எஞ்சியிருக்கிறதா என்று கேட்டீர்கள். விடையை உங்கள் கேள்விக்குள்ளேயே எழுதிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் தாயார் உங்கள் தங்கையைப் "பச்சை உடம்புக்காரி" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் புனிறு. ஒலி போய்விட்டது, பொருள் ஒரு மணி கூடக் குறையாமல் நிற்கிறது. பச்சை என்பது இங்கே நிறம் இல்லை. பச்சை மண், பச்சைக் குழந்தை, பச்சைப் புண் என்று சொல்லும்போது நாம் கருதுவது இன்னும் ஆறாத, இன்னும் இறுகாத, புதிதாக இருக்கிற ஒரு நிலையை. பச்சை மண் பானையைச் சூளையில் வைக்கும் வரை எப்படிப் பொத்திப் பொத்தி எடுப்பார்களோ, அப்படி எடுக்க வேண்டிய உடம்பு என்பது அந்தச் சொல்லின் உட்கருத்து. புனிறு என்பதற்குப் புதுமை என்றும் ஒரு பொருள் அகராதியில் இருக்கிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், இரண்டும் அக்காள் தங்கையாகத் தெரியும். குழந்தைக்கும் தாய்க்கும் பொதுவாக அது வழங்கியதாக ஐயா காட்டினார். நாமும் பச்சைப்பிள்ளை, பச்சை உடம்பு என்று இருவருக்கும் ஒரே சொல்லைத்தானே வைத்திருக்கிறோம்.

எங்கள் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் கணக்கு. அந்த நாள்களில் தொழுகையிலிருந்தும் நோன்பிலிருந்தும் அவளுக்கு விலக்கு உண்டு. என் உம்மாவின் தாயார் அந்த விலக்கை எப்போதும் ஓய்வு என்ற பொருளில்தான் எங்களுக்கு எடுத்துச் சொன்னார். பிள்ளை பெற்றவளின் கையில் ஒரு குவளையைக் கூடக் கழுவக் கொடுக்க மாட்டார். பால் ஊறுவதற்குக் காரல் மீன் ஆணமும், பால்சுறாவைப் பூண்டு சேர்த்து உதிர்த்த புட்டும் அவரே அடுப்படியில் நின்று செய்வார். வெந்த சுறாவின் தோலைச் சுரண்டி, முள்ளை எடுத்து, சதையைத் துணியில் வைத்துத் தண்ணீர் போகப் பிழிந்து உதிர்க்கும் அந்த விரல்களை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பிழிவது சரியாக இல்லாவிட்டால் புட்டு குழைந்துவிடும் என்று என்னைத் தொடவே விட மாட்டார்.

இன்னொன்றும் கேட்க விரும்புகிறேன். அந்தப் பாட்டின் கடைசி அடியில் "பெயரன்" என்று வருவதாக என் தோழி சொன்னாள். எங்கள் ஊரில் தலைமகனுக்குப் பாட்டனாரின் பெயரை வைப்பது வழக்கம். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?


பாம்பன் வாசகி:

எல்லாருக்கும் நன்றி. அம்மாவிடம் போய்ப் பச்சை உடம்பு என்றால் என்ன என்று கேட்டேன். "இது ஒரு கேள்வியா? நேற்றுத்தானே பெற்றிருக்கிறாள்" என்றார். ஈன்றணிமைக்கு இதைவிடத் தெளிவான உரையை எந்த நூலிலும் நான் எதிர்பார்க்க முடியாது.

ஐயாவிடம் இரண்டு கேள்விகள் எஞ்சியிருக்கின்றன. தீட்டு என்ற கருத்துக்குப் பழந்தமிழில் தனிச்சொல் இருந்ததா? புனிற்றா, புனிற்றுநாய் என்று இரட்டிக்கும் றகரம் "புனிறு நாறு" என்ற இடத்திலும் "புனிறு தீர்" என்ற இடத்திலும் ஏன் இரட்டிக்கவில்லை? தேர்வில் இதைக் கேட்டால் காரணம் எழுத வேண்டும்.


திருப்புல்லாணி ஓய்வாசிரியர்:

கீழக்கரைச் சகோதரி பச்சை உடம்பைப் புனிறோடு சேர்த்துக் காட்டியது எனக்கே புதிய வெளிச்சம். இத்தனை ஆண்டு அந்த நூற்பாவை நடத்தியும், என் மனைவி நாள்தோறும் சொல்லும் சொல்லில் அது இருந்ததை நான் காணவில்லை.

முதலில் பெயரன். பாட்டனின் பெயரைத் தாங்கியவன் என்பதால் பெயரன். அதுவே பேச்சில் பேரன் ஆயிற்று. "சிறந்தோன் பெயரன் பிறந்தமாறே" என்பது, தலைவனின் தந்தை பெயரைத் தாங்கப் போகிறவன் பிறந்துவிட்டான் என்பதனால்தான் இவன் வீடு திரும்பினான் என்று பரத்தை ஒருத்தி சொல்லும் கூற்று. உங்கள் ஊர் வழக்கமும் அந்தச் சொல்லின் பிறப்பும் ஒன்றேதான்.

தீட்டுக்கு உரிய சொல் வாலாமை. வால் என்றால் தூய்மை, வெண்மை. வாலறிவன் என்ற குறள் சொல்லும், வாலெயிறு என்ற சொல்லும் அந்த வேரிலிருந்து வந்தவை; வெண்மையான பல் வாலெயிறு. அதோடு எதிர்மறை சேர்ந்து வாலாமை ஆனபோது தூய்மையில்லாமை என்ற பொருள் வந்தது. அகராதிகள் மாதவிலக்குக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் உரிய விலக்கை அந்தச் சொல்லால் குறிக்கின்றன. ஆகவே தூய்மையைப் பற்றிப் பேச வேண்டுமானால் தமிழில் அதற்கென்றே ஒரு சொல் உண்டு. நற்றிணைப் புலவர் அந்தச் சொல்லைப் போடவில்லை என்பதை உங்கள் விடைத்தாளில் தயங்காமல் எழுதலாம்.

நாறு என்பதையும் விட்டுவிடக் கூடாது. இன்று நாற்றம் என்றால் மூக்கைப் பொத்துகிறோம். பழந்தமிழில் நாறுதல் என்பது நறுமணம் வீசுதலையும் குறித்தது. ஆண்டாள் வெண்சங்கிடம் "கருப்பூரம் நாறுமோ, கமலப்பூ நாறுமோ" என்று கேட்டது நினைவிருக்கும். சங்கு விளையும் கடற்கரையில் இருக்கும் நமக்கு அந்த அடி மறக்கக் கூடாதது. தீட்டு, நாற்றம் ஆகிய இரண்டு பிற்காலப் பொருளையும் ஒரே தொடரில் ஏற்றியதால்தான் வழிகாட்டி நூலில் அந்த அலங்கோலம் நேர்ந்தது. செவிலியம்மா எழுதிய சேலை மணத்தையே உரையாக எழுதுங்கள். பொருள் துல்லியமாக இருக்கும்.

இனி றகரம். நெடில்தொடர், உயிர்த்தொடர்க் குற்றியலுகரங்களில் டு, று ஆகியவை வேற்றுமைப் புணர்ச்சியில் பெரும்பாலும் இரட்டிக்கும் என்பது நன்னூல் விதி. புனிறு உயிர்த்தொடர். புனிற்றை உடைய ஆ என்று வேற்றுமைப் பொருளில் விரிவதால் புனிற்றா என இரட்டித்தது. புனிறு நாறும், புனிறு தீரும் என்னும் இடங்களில் புனிறு எழுவாயாக நின்று வினையைக் கொள்கிறது. அது வேற்றுமைப் பொருள் இல்லாத அல்வழிப் புணர்ச்சியாதலால் இரட்டிக்கவில்லை. வயிற்று வலி என்று சொல்லும் நாமே, வயிறு வலிக்கிறது என்று சொல்லும்போது றகரத்தை இரட்டிப்பதில்லை அல்லவா, அதே விதிதான்.